ஐந்து டன்

கோவை உக்கடம் லாரிப் பேட்டையில் நான்கு நாட்களாக லோடு இல்லாமல் நின்றிருந்தேன். ஐந்தாம் நாள் லுஹர் தொழுதுவிட்டுத் திரும்பியபோது புக்கிங் ஆபீஸிலிருந்து அழைப்பு வந்தது. கொச்சிக்கு வார்ப்பிரும்பு, எடை 21 டன். "பாய், ராத்திரி ஏத்திட்டு விடியறதுக்குள்ள வாளையார் தாண்டிரலாம். எல்லாரும் இதே எடைதான் ஓட்டறாங்க" என்றார் புரோக்கர்.

என் பத்துச் சக்கர லாரி பழையது. வட்டிக்குக் கடன் வாங்க மனம் ஒப்பாமல், மனைவியின் நகைகளை விற்று வாங்கியது. அதன் ஆர்.சி. புத்தகத்தில் மொத்த எடை 25 டன் என்று எழுதியிருக்கிறது. வண்டியின் எடை 9 டன் போக, 16 டன் சரக்கே ஏற்றலாம். அவர் கேட்டதோ ஐந்து டன் அதிகம்.

இந்தத் தொழிலை அறியாதவர்களுக்கு ஒரு விளக்கம். வாடகை பெரும்பாலும் டன் கணக்கில் பேசப்படுகிறது. ஐந்து டன் கூடினாலும் செலவு அதே அளவுக்குக் கூடுவதில்லை. டீசலும் சிறிதே கூடுகிறது. ஆகவே மிகுதியாக ஏற்றுபவர் டன்னுக்குக் குறைந்த வாடகை கேட்க முடிகிறது. நாளடைவில் அதுவே சந்தையின் வாடகையாகிவிடுகிறது. சட்டப்படி ஏற்றுபவருக்கு அந்த வாடகையில் டயர் தேய்மானத்துக்குக்கூட மிஞ்சுவதில்லை. மிகை பாரம் ஏற்றுபவர், தம்மை அறியாமலேயே பக்கத்து வண்டிக்காரரின் அடுப்பை அணைக்கிறார்.

நானும் அப்படி ஏற்றியவன்தான். அதை மறைத்து எழுதினால் இந்தக் கட்டுரைக்குப் பொருளில்லை.

குதிரான் மலையில் சுரங்கப்பாதை திறக்கப்பட்டது 2021இல். அதற்கு முன்பு பாலக்காட்டிலிருந்து திருச்சூர் செல்லும் வண்டிகளெல்லாம் அந்த மலைச்சாலையில் ஏறி இறங்க வேண்டும். ஒரு மழை இரவில், மிகை பாரத்தோடு அந்த இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். பிரேக்கை மிதித்தேன், பிடிப்பு குறைந்திருந்தது. மீண்டும் மிதித்தேன், வண்டி நிற்கவில்லை. முன்னால் ஒரு கார். அதன் பின்கண்ணாடி வழியே, இருக்கையில் முட்டியிட்டு என் விளக்கொளியை வேடிக்கை பார்க்கும் ஒரு குழந்தையின் முகம் தெரிந்தது. கலிமா நாவில் வந்தது. கியரைக் குறைத்து, வண்டியை ஓரத்து மண்மேட்டில் உரசவிட்டு நிறுத்தினேன். பிரேக் டிரம்மிலிருந்து புகை எழுந்தது. கார் எதுவும் அறியாமல் வளைவில் திரும்பி மறைந்தது.

அளவையில் மோசடி செய்வோரை எச்சரிக்கும் 83ஆம் அத்தியாயத்தைச் சிறுவயதிலிருந்தே ஓதியிருக்கிறேன். அது தராசில் குறைத்து நிறுக்கும் கடைக்காரருக்கானது என்றே எண்ணியிருந்தேன். எடையைக் கூட்டுவதாலும் பிறர் உரிமையைப் பறிக்கலாம் என்பது அன்றிரவுதான் உறைத்தது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, மிகை பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்கிறது. எங்களில் பலர் இதை மட்டுமே கணக்கிடுகிறோம். ஆனால் அச்சின் பாரம் கூடும்போது சாலைக்கு நேரும் சேதம் ஏறக்குறைய அதன் நான்காம் அடுக்காகக் கூடுகிறது என்பது சாலைப் பொறியாளர்களின் கணக்கு. 25 டன் வண்டி 30 டன்னாக ஓடினால், சேதம் இரு மடங்கு. அந்தக் குழியில் விழப்போவது முகம் தெரியாத ஓர் இரு சக்கர வாகனக்காரர். பாதையில் கிடக்கும் முள்ளை அகற்றுவதை ஈமானின் ஒரு கிளை என்று கற்ற நாம், பாதையில் குழி தோண்டலாமா? அபராதத்தைப் பணமாகக் கட்டலாம். ஹக்குல் இபாத், அடியார்களின் உரிமை, அவ்வாறு தீர்வதில்லை. மன்னிப்புக் கேட்க அந்த மனிதரை நான் எங்கே தேடுவேன்?

புரோக்கரிடம் "16 டன் என்றால் வருகிறேன்" என்றேன். அவர் சிரித்துவிட்டு இணைப்பைத் துண்டித்தார். அரை மணி நேரத்தில் என் பக்கத்து வண்டி அந்த லோடுக்குக் கிளம்பியது. அதன்பின் இரண்டு வாரங்கள் அவர் என்னை அழைக்கவில்லை.

வீட்டில் சொன்னபோது மனைவி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஃபீஸ் கட்ட இன்னும் பத்து நாள் இருக்குதுங்க. பார்த்துக்கலாம்" என்றாள். அந்தக் கட்டணத்தை நாங்கள் காலம் தாழ்த்தியே கட்டினோம்.

இப்போது கிரைண்டர் போன்ற சரக்குகளைத் தேடி ஏற்றுகிறேன். அவை எடைக்கு முன்பே இடத்தை நிரப்பிவிடும். பேட்டையில் இன்னும் இரு வண்டிக்காரர்கள் என்னோடு சேர்ந்து, அளவுக்கு மேல் ஏற்றுவதில்லை என்று பேசி வைத்திருக்கிறார்கள். மூவரால் சந்தை மாறிவிடாது. வருமானம் முன்பைவிடக் குறைவுதான். ஆனாலும் இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கும்போது வண்டி நிற்கிறது.

ரிஸ்க் அல்லாஹ்விடமிருந்து வருகிறது என்று நாவால் சொல்வது எளிது. லோடு இல்லாத ஐந்தாம் நாளில் அதை நம்புவது கடினம். அந்த நாளிலும் நம்பும் உறுதியை அவன் நம் அனைவருக்கும் தருவானாக. ஆமீன்.