முதலில் ஒரு வினா

பல்கலைக்கழக ஆசிரியர்களுக்கு மூடில் பழக்குவது என் வேலை. இலங்கையின் அரச பல்கலைக்கழகங்கள் பலவற்றில் இணையவழிக் கற்றல் தளம் என்றால் மூடில்தான். உரிமக் காசு இல்லை; சொந்தச் சேவையகத்தில் நிறுவிக்கொள்ளலாம். அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில், கேர்ட்டின் பல்கலைக்கழகத்தில் வெப்சிரி என்ற மென்பொருளைப் பராமரித்துவந்த மார்ட்டின் டூகியாமாஸ், அதில் திருப்தியில்லாமல் தொடங்கிய தளம் இது. 1.0 பதிப்பு 2002 ஆகஸ்ட்டில் வந்தது. பயிற்சி அறையில் இந்த வரலாற்றை நான் எடுப்பதில்லை. தளத்திலுள்ள வசதிகளை வரிசையாக ஓட்டிக் காட்டுவதுமில்லை. காட்டினால், தேநீர் இடைவேளையோடு பாதிப்பேர் போய்விடுவார்கள்.

“சேர், போன பரீட்சையில கனபேர் பிழைவிட்ட பல்தேர்வு வினா ஒன்று சொல்லுங்கோ” என்று கேட்பேன். அதை அங்கேயே தளத்தில் ஏற்றுவோம். ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் பின்னூட்டம் எழுத ஒரு பெட்டி இருக்கும். பிழையான விடையை ஒரு பிள்ளை ஏன் தெரிவுசெய்தது என்று யோசித்தால்தான் அந்தப் பெட்டியை நிரப்ப முடியும். இந்த இடத்தில் அறையின் நிலைமை தலைகீழாகிவிடும். அதுவரை விசைப்பலகையில் முந்திக்கொண்டிருந்த இளம் விரிவுரையாளர்கள் தயங்குவார்கள். ஓய்வுபெறும் வயதை நெருங்கிய புள்ளிவிபரவியல் பேராசிரியர் தயங்கமாட்டார். நியமவிலகல் கேட்டால் மாணவர்கள் மாறற்றிறனோடு நின்றுவிடுவார்கள், வர்க்கமூலம் எடுக்க மாட்டார்கள் என்பது அவருக்கு அத்துப்படி. “நீர் கண்டது மாறற்றிறன், இன்னும் ஒரு படி இருக்கு” என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். நாற்பது வருடம் விடைத்தாள் திருத்திய அறிவுக்கு இந்தத் தளத்தில் இடம் இருக்கிறது என்று தெரிந்தபின், அவரை நான் வற்புறுத்த வேண்டியதில்லை.

பிறகு, ஆசிரியர்கள் பரீட்சார்த்த மாணவர் கணக்கொன்றில், தங்கள் கைத்தொலைபேசியிலேயே அந்த வினாவுக்கு விடையளிப்பார்கள். மாணவர்கள் பார்க்கப்போவது அந்தச் சின்னத் திரையில்தான்.

பழைய வினாத்தாள்களைக் கொண்டுவருபவர்களிடம் முதலில் எழுத்துருவைத்தான் விசாரிப்பேன். பாமினியில் தட்டச்சிட்டதை அப்படியே ஒட்டினால், ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்த் திரையில் கொட்டும். யுனிகோட்டுக்கு மாற்றிய பிறகே மற்றதெல்லாம். கலைப்பீடத்துப் பயிற்சியில் காலை நேரம் பெரும்பாலும் இதற்கே போய்விடும்.

மாணவர்கள் உண்மையாகவே எழுதி முடித்தபின் வருகிற புள்ளிவிபர அறிக்கைதான் எனக்கு இந்தத் தளத்தில் ஆகப் பிடித்தது. ஒவ்வொரு வினாவுக்கும் சராசரியாக எத்தனை வீதம் புள்ளி கிடைத்தது என்று அது சொல்லும். மற்ற வினாக்களில் நன்றாகச் செய்தவர்கள் இதிலும் நன்றாகச் செய்தார்களா என்று காட்டும் சுட்டியும் உண்டு. அது எதிர்க்கணியத்தில் விழுந்தால், கெட்டிக்காரர்கள் பிழைவிட்டு மற்றவர்கள் சரியாகப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் வினாவின் வசனம் குழப்பமாக இருக்கும், இல்லையென்றால் சரிவிடையே மாறிக் குறிக்கப்பட்டிருக்கும். தாளில் திருத்துகிற காலத்தில் இதை யார் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள்?

“பார்த்தடிப்பாங்களே” என்ற கேள்வி ஒவ்வொரு பயிற்சியிலும் வரும். வினாக்களை மாற்றி அடுக்கலாம், வினா வங்கியிலிருந்து எழுமாறாக எடுக்கலாம். ஆனால் நான் சொல்வது வேறு: முதல் அரையாண்டில் புள்ளியே கொடுக்காதீர்கள், எத்தனை தடவையும் எழுத விடுங்கள். புள்ளி இல்லாததை யார் பார்த்தடிக்கப் போகிறார்கள்?

2020 மார்ச்சில் வளாகங்கள் மூடப்பட்டு, பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பு வழியாகப் பல்கலைக்கழகத் தளங்களுக்கு டேட்டாக் கட்டணம் இல்லை என்றானபோது எல்லோரும் மூடிலுக்கு வந்தார்கள், பவர்பொயின்ற் கோப்புகளோடு. அந்த நேரத்துக்கு அதுவே பெரிய காரியம். ஆனால் கோப்பு ஏற்றுவதில் தொடங்கியவர்களில் பலர் இன்னும் கோப்பு மட்டுமே ஏற்றுகிறார்கள். அவர்களைத்தான் இப்போது ஒவ்வொரு துறையாகப் போய்ச் சந்திக்கிறேன், ஒரே ஒரு வினா கேட்டு வாங்க.