சிறு உருண்டைகள் தாங்கும் அழுத்தம்

வளைவில் திரும்பும் வாகனத்தின் வெளிப்பக்கச் சில்லு, உட்பக்கச் சில்லைவிடக் கூடுதலான தூரம் ஓடவேண்டும். எல்லயிலிருந்து இராவணன் நீர்வீழ்ச்சியைக் கடந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியில் லொறி ஓட்டுபவர்களுக்கு இதனை எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரு சில்லுகளும் வெவ்வேறு வேகத்தில் சுழல இடங்கொடுப்பது டிபரன்ஷியல். நான் எழுத வந்தது லொறியின் டிபரன்ஷியல் பற்றியல்ல. றிமோட் கார் ஒன்றின், உள்ளங்கையில் அடங்கிவிடும் டிபரன்ஷியல் பற்றி.

எங்கள் அயலிலுள்ள தோட்டத்துப் பையன் ஒருவனுக்கு, கட்டாரில் தொழில்புரியும் அவனது சித்தப்பா பழைய பந்தயக் கார் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். நிஜக் காரின் பத்திலொரு பங்கு அளவுடையது. சில மாதங்களில் மோட்டார் இரைந்தது. சில்லுகளோ நகர மறுத்தன. புதிய டிபரன்ஷியலைத் தருவிப்பதற்கான செலவைக் கணக்குப் பார்த்துவிட்டுப் பையன் சோர்ந்துபோனான்.

அவனுடைய தந்தை தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டர். ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தின்மீது ஸ்குறூ டிரைவரின் முனையை வைத்து, பிடியைக் காதோடு அணைத்து, உள்ளேயுள்ள பெயாரிங்கின் நிலையைச் சொல்லக்கூடியவர். "வாங்குறதுக்கு முந்திக் கழற்றிப் பார்ப்போம் தம்பி" என்றார்.

இத்தகைய டிபரன்ஷியலின் உள்ளே பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று கோர்ப்பதில்லை. கொஸ்வேர்த் நிறுவனத்தில் பணியாற்றிய செசில் சூமேக்கர் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர் 1980 அளவில் மாதிரிக் கார்களுக்கென உருவாக்கிய முறை இது. நடுச்சக்கரத்தின் துளைகளில் எஃகு உருண்டைகள் அமர்ந்திருக்கும். இருபுறமும் இரண்டு எஃகு வளையங்கள் அவற்றை அழுத்தும். அந்த அழுத்தத்தைத் தருவது, நடுவே செல்லும் நீண்ட திருகாணியும் ஒரு ஸ்பிரிங்கும். வளைவில் திரும்பும்போது திருகாணி ஒரு பக்கத்து அச்சோடு சேர்ந்து சுழலும்; அதன் தலையோ வேறு வேகத்தில் சுழலும் மறுபக்கத்து அச்சின்மீது அழுந்தி நிற்கும். அவ்விரண்டுக்கும் இடையில் உராய்வு நேராமல் காப்பதுதான் திரஸ்ட் பெயாரிங்: இரண்டு சிறு வளையங்கள், நடுவே கடுகை ஒத்த சில உருண்டைகள். முழு அழுத்தமும் அதன்மீதே இறங்குகின்றது.

தந்தையார் கழற்றிப் பார்த்தபோது பெரிய உருண்டைகளும் வளையங்களும் பழுதின்றி இருந்தன. திரஸ்ட் பெயாரிங்கில் கிறீஸ் காய்ந்து, செம்மண் தூசியோடு பசையாகியிருந்தது. அது இறுகியதனால், ஒவ்வொரு திருப்பத்திலும் திருகாணி சிறிது சிறிதாகத் தானே தளர்ந்திருக்கின்றது. அழுத்தம் குறைய, பெரிய உருண்டைகள் வழுக்கத் தொடங்கியிருந்தன.

மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டார். ஒரு வளையத்தில் உருண்டைகள் ஓடிய தடம் பதிந்திருந்தது. தட்டையான வளையமாதலால் அதனைப் புரட்டிப் போட்டார். பள்ளமிட்ட வளையமாயின், பள்ளம் உருண்டைகளை நோக்கியே இருக்கவேண்டும்.

அடுத்தது கிறீஸ். திரஸ்ட் பெயாரிங்குக்கு மொலிப்டினம் கலந்த கறுப்புக் கிறீஸ். பெரிய உருண்டைகளுக்குச் சிலிக்கோன் கிறீஸ், அதுவும் மெல்லிய பூச்சாக. கறுப்புக் கிறீஸ் பெரிய உருண்டைகளில் பட்டால், பிடித்திருக்க வேண்டிய இடம் வழுக்கிவிடும். பூட்டும்போது ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்வரை மெதுவாக முறுக்கி, எட்டிலொரு சுற்றுத் தளர்த்தினார். பின்னர் இரு சில்லுகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு, நடுச்சக்கரத்தைப் பெருவிரலால் தள்ளிப் பார்க்கும்படி மகனிடம் சொன்னார். அது அசையவில்லை. ஒரு சில்லைச் சுழற்ற, மற்றையது எதிர்த்திசையில் நறநறப்பின்றிச் சுழன்றது. சிறிது தூரம் மெதுவாக ஓடவிட்டபின் அழுத்தத்தை மீண்டும் ஒருமுறை சரிபார்த்தார்.

ஒரு சதமும் செலவாகவில்லை என்று சொல்லமுடியாது, கிறீஸ் வாங்கவேண்டியிருந்தது. ஆனால் வழுக்கியது ஓரிடம், பழுதுபட்டது வேறிடம் என்பதைக் கண்டறிய விரலும் செவியும் போதுமாயிருந்தன.

2023 இல் மலையகத் தமிழரின் இருநூறு ஆண்டுகளை நினைவுகூர்ந்தோம். நடந்து வந்த தூரத்தையும் பறித்த கொழுந்தையும் பற்றி அப்போது நிறையப் பேசப்பட்டது. தொழிற்சாலைகளை ஓடவைத்த பிட்டர்களின் அறிவும் அந்த வரலாற்றின் பகுதியே. அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் தந்தையிடமிருந்து மகனுக்குக் கைமாறுகின்றது. அடுத்த மாதம் அந்தப் பையனே அதனைக் கழற்றிக் கழுவப்போகிறானாம். தந்தை அருகில் அமர்ந்திருப்பாராம்.