ரவிதாசனின் நிலம்

சேத்தியாத்தோப்பில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆட்டோக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தலையில் தொப்பி, தோளில் பை. "பொன்னியின் செல்வனா சார்?" என்றார். வெட்கமாகத்தான் இருந்தது. ஆமாம் என்றேன். "படம் வந்தப்புறம் நிறைய பேர் வராங்க. ஏறுங்க."

வீராணம் ஏரிக்கரைக்கு வந்து பார்க்க என்ன இருக்கிறது? மண்கரை, அதன் மேல் சாலை, கலங்கிய தண்ணீர். நான் போனது சித்திரை மாதம். தண்ணீர் நடுவில் ஒதுங்கிக் கிடக்க, காய்ந்த ஓரத்தில் ஆடுகள் மேய்ந்தன. கல்கி தன் 'பொன்னியின் செல்வன்' நாவலைத் தொடங்குவதோ இதே கரையில், ஆடிப்பெருக்கு நாளில். ஏரி நிரம்பித் ததும்ப, வாணர் குலத்து இளைஞன் ஒருவன் குதிரையில் கரையோரம் வருகிறான். 1950-இல் பத்திரிகையில் தொடராக வரத் தொடங்கிய கதையின் அந்த ஒரு காட்சிக்காக, எழுபது ஆண்டுகள் கழித்தும் ஜனங்கள் வண்டி வைத்துக்கொண்டு வருகிறார்கள். இத்தனைக்கும் ஊரில் அதற்கென்று ஒரு பலகைகூட என் கண்ணில் படவில்லை.

கரையில் ஒரு வேன் நின்றிருந்தது. வழிகாட்டியாக வந்த இளைஞன் சுற்றி நின்ற பதினைந்து பேருக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். நல்ல குரல், நல்ல நடிப்பும்கூட. குதிரையின் குளம்பொலிக்குத் தொடையில் தட்டித் தாளம் போட்டான். ஒரு பாட்டி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவருக்கு அந்த வறண்ட ஏரியில் வெள்ளம் தெரிந்திருக்கும். பொறாமையாக இருந்தது. ஆனால் அடுத்து அவன் கடம்பூரைப் பற்றிச் சொன்னபோது எனக்குச் சுருக்கென்றது. "அங்கே சம்புவரையர் மாளிகை இருந்த இடத்தைக் காட்டுறேன். ஆதித்த கரிகாலனை நந்தினி கண் முன்னாடி கொன்ன இடம்."

மேலக்கடம்பூரில் பார்க்க வேண்டியது அமிர்தகடேசுவரர் கோயில். தேர் வடிவில், சக்கரங்களோடு கல்லில் நிற்கும் அழகான கோயில். மாளிகை கல்கியின் கற்பனை. நந்தினியும் அவருடையவள்தான். அதைச் சொல்லிவிட்டால் கதை செத்துவிடும் என்று அந்தப் பையன் பயந்தானோ என்னவோ.

அவர்களோடு போகாமல் ஆட்டோக்காரரிடம் காட்டுமன்னார்கோயிலுக்கு விடச் சொன்னேன். வழியெல்லாம் அவர் தன் வீராணத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். அதில் குதிரை இல்லை, குழாய் இருந்தது. சென்னைக்குத் தண்ணீர் கொண்டுபோகிறோம் என்று அந்தக் காலத்தில் போட்ட திட்டம் பாதியில் நின்றுபோய், ஆள் நிமிர்ந்து நடக்கிற அளவு குழாய்கள் சாலையோரம் வருஷக்கணக்கில் கிடந்தன. அதற்குள் குடும்பங்கள் அடுப்பு மூட்டிக் குடித்தனம் நடத்தின. 2004-இல்தான் தண்ணீர் போய்ச் சேர்ந்தது. "கொள்ளிடத்துல கீழணையிலேர்ந்து வடவாத்து வழியா எங்க ஏரிக்கு வரும். நாப்பத்தஞ்சாயிரம் ஏக்கரு இதை நம்பி இருக்கு. இங்க நாத்து வாடும், அங்க குழாயில வரும்" என்றார். நான் சென்னையில் அந்தத் தண்ணீரைக் குடிப்பவன். வாயைத் திறக்கவில்லை.

அங்கே உடையார்குடி அனந்தீசுவரர் கோயிலில் கூட்டமே இல்லை. குருக்களிடம் கல்வெட்டு என்றதும், "ரவிதாசன் கல்வெட்டா? வாங்கோ" என்று அழைத்துப் போனார். கருவறையின் புறச்சுவர். முதலில் எனக்கு வெறும் கீறல்களாகத்தான் தெரிந்தன. அவர் கைப்பேசி விளக்கைச் சுவரை ஒட்டினாற்போலச் சாய்த்துப் பிடித்தார். நிழல் விழுந்ததும் எழுத்துகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. "தொடாம பாருங்கோ. இது சோமன். இது ரவிதாசன். இது பரமேசுவரன்."

முதுகு சில்லிட்டது. நாவலில் மந்திரவாதியாகக் காட்டில் அலையும் ரவிதாசன், இங்கே சதுர்வேதிமங்கலத்தில் குடும்பமும் நிலமும் உள்ள மனிதன். இராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டிய கல்வெட்டு இது. அவருடைய அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று மூவரையும் பெயர் சொல்லிக் குறித்துவிட்டு, கல் உடனே நிலக்கணக்குக்குப் போய்விடுகிறது. எங்கே கொன்றார்கள், எப்படி, எதற்காக? ஒரு வார்த்தை இல்லை. அவர்களுடைய சொத்தோடு உறவினர்களின் சொத்தும் அரசன் ஆணைப்படி பறிமுதலானது. சபை அதை விற்கிறது. ஒருவர் பொன் கொடுத்து வாங்கி, கோயிலில் அறச்செலவுக்கு எழுதி வைக்கிறார். ஒருவகையில் பத்திரம்தான். பதிவாளர் அலுவலகத்து நடை.

கல் வாயை மூடிக்கொண்ட இடத்தில்தான் கல்கி பேச ஆரம்பித்திருக்கிறார் என்பது அங்கே நின்றபோது புரிந்தது. அவர் எழுதியிராவிட்டால் நான் இந்தச் சுவரைத் தேடி வந்திருக்க மாட்டேன். அந்த வேன் பையன் மட்டும் தன் கூட்டத்தை இங்கே அழைத்து வந்து, கதை இதுவரை, இனிமேல் கல் என்று விளக்கைச் சாய்த்துக் காட்டியிருந்தால், கண்ணை மூடிக் கேட்ட பாட்டி கண்ணைத் திறந்திருப்பார். எனக்கோ கொலையைவிட அந்த உறவினர்கள்தான் உறுத்தினார்கள். கத்தியைத் தொட்டிருக்கவே மாட்டாத மாமன், மாப்பிள்ளை எல்லாம் ஒரே நாளில் வயலை விட்டுக் கரையேறியிருப்பார்கள். அந்தக் கதையை இன்னும் யாரும் எழுதவில்லை.

குருக்கள் விளக்கை அணைத்தார். எழுத்துகள் மறுபடி கீறல்களாயின.

திரும்பும்போது ஆட்டோக்காரரிடம் இதையெல்லாம் சொன்னேன். சினிமாவைப் பற்றிக் கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டியவர், வேகத்தைக் குறைத்து லேசாகத் திரும்பினார்.

"அந்த நெலம் எங்க சார் இருக்கு? இப்ப யாரு பேருல இருக்கு?"

இரண்டு பக்கமும் அறுத்த வயல்கள், வரப்பு வரப்பாக, கண்ணுக்கெட்டிய தூரம்வரை கிடந்தன.