பெயர் வராத செய்தி

 

நம்மிடம் நிகழ்ந்த ஒரு தவற்றை இங்கே எழுதுகிறோம். பிள்ளைகளை விளையாட்டு மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோருக்கு இது பயன்படக்கூடும் என்பதே காரணம்.

தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் கால்பந்து வெறும் பொழுதுபோக்கு அன்று. காயல்பட்டினத்தில் மவ்லானா அபுல் கலாம் ஆசாத் நினைவுக் கோப்பைக்கான அகில இந்தியப் போட்டி நடைபெறும் நாட்களில், பெரியவரும் சிறுவரும் மைதானத்தை நோக்கித் திரளாக நடப்பதைக் காணலாம். அந்தக் காற்றில் வளர்ந்த நம் மகன், சென்ற ஆண்டு பள்ளிகளுக்கிடையிலான 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் தன் பள்ளி அணியின் தடுப்பாட்டக்காரனாக ஆடினான். குறுவட்ட அளவில் வென்ற அவ்வணி, மாவட்ட அரையிறுதியில் 2-1 என்ற கணக்கில் தோற்றது.

மறுநாள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் எட்டு வரிச் செய்தி வெளியாகியிருந்தது. வென்ற அணியில் கோல் அடித்த இருவரின் பெயர்களும், நம் பள்ளிக்காகக் கோல் அடித்த மாணவனின் பெயரும் அதில் இருந்தன. நம் மகனின் பெயர் இல்லை. அச்செய்தியை எழுதிய பகுதிநேரச் செய்தியாளர், முன்பு நம்மிடம் மக்தபில் ஓதியவர். அந்த உரிமையில் அவரைத் தொலைபேசியில் அழைத்தோம்.

"ஆட்டம் முழுவதும் நின்று தடுத்தவனுக்கு ஒரு வரி கிடையாதா? உஸ்தாதின் பிள்ளை என்பதுகூட நினைவில் இல்லையா?" என்று கேட்டோம். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "இன்ஷா அல்லாஹ், வெள்ளிக்கிழமை நேரில் வருகிறேன், உஸ்தாத்" என்றார்.

சொன்னபடியே அஸ்ருக்குப் பின் வந்தார். தேநீர் ஆறிக்கொண்டிருக்க, தம் குறிப்பேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தம் வேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். இத்தனை ஆண்டுகள் நாளிதழ் படித்தும் நாம் அறியாதவை அவை.

ஒரே மாலையில் மூன்று ஊர்களில் ஆட்டம் நடக்கும். ஒரு மைதானத்தில்தான் அவரால் நிற்க முடியும். மற்ற இரண்டின் முடிவையும் உடற்கல்வி ஆசிரியர்களிடம் கேட்டே எழுத வேண்டும். வென்ற அணியின் ஆசிரியர் பத்து நிமிடத்தில் புகைப்படத்தோடு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பிவிடுகிறார். தோற்ற அணியின் ஆசிரியரோ தொலைபேசியை எடுப்பதே இல்லை. மறுநாள், "எங்கள் பிள்ளைகளின் பெயரை ஏன் போடவில்லை?" என்று கேட்பவரும் அவரே. வெளியேற்றப்பட்ட ஆட்டக்காரனைப் பற்றி எழுதாதே என்பார் ஒருவர். நன்றாக ஆடும் மாணவனின் பெயரை எழுதாதே, வேறு பள்ளி அவனை அழைத்துக்கொண்டு போய்விடும் என்பார் இன்னொருவர். இரவில் ஒரு விளம்பரம் வந்துவிட்டால் இருபது வரி எட்டு வரியாகிவிடும். அதை வெட்டியவர் அலுவலகத்தில் இருக்கிறார், வசை கேட்பவரோ ஊரில் இருக்கிறார்.

பெற்றோர் கதை வேறு. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் செய்தி நறுக்குகளைச் சேர்க்கும் தந்தையர் உண்டு. அங்கே கேட்கப்படுவது முறையான சான்றிதழே அன்றி நறுக்கு அன்று என்று அவர் சொன்னாலும் ஏற்பதில்லை. இனிப்புப் பெட்டியோடு வாசலில் நிற்பவர் உண்டு. ஆசிரியரிடம் புகார் செய்வேன் என்று மிரட்டுபவரும் உண்டு. ஒருமுறை நம் சமுதாயத்துப் பெண்பிள்ளை ஒருத்தி சதுரங்கத்தில் பரிசு பெற்றாள். படத்தை வெளியிட்டே ஆக வேண்டும் என்றார் பயிற்சியாளர். பெயர் மட்டும் போதும், படம் வேண்டாம் என்றார் தந்தை. செய்தியாளர் தந்தையின் சொல்லுக்கு மதிப்பளித்தார். பயிற்சியாளர் அவரோடு பல மாதங்கள் பேசவில்லையாம்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, தயக்கத்தோடு கேட்டார்: "உஸ்தாத், அந்த இரண்டாவது கோல் எப்படி விழுந்தது என்று தம்பி உங்களிடம் சொன்னானா?"

நாம் அன்று மைதானத்துக்குச் செல்லவில்லை. அவர் குறிப்பேட்டை நம் பக்கம் திருப்பினார். நம் மகனின் சட்டை எண் அதில் இருந்தது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது, பந்தைத் தன் கோல்காப்பாளருக்குத் திருப்பித் தட்டியிருக்கிறான். வேகம் போதவில்லை. எதிரணி வீரன் இடையில் புகுந்து கோலாக்கிவிட்டான். தோல்வி அதனால் வந்தது.

"13 வயதுப் பிள்ளை. கோல் அடித்தவன் பெயரை எழுதினேன், கணக்கை எழுதினேன். யாருடைய காலில் இருந்து பந்து போனது என்பதை எழுதவில்லை. மறுநாள் அவன் பள்ளிக்கூடம் போக வேண்டுமே" என்றார்.

நமக்குப் பேச்சு எழவில்லை. மகனை அழைத்தோம். அவன் கதவருகிலேயே நின்றிருந்தான். "வாப்பா, என் பெயர் வரவில்லை என்று பார்த்ததும் அல்ஹம்து லில்லாஹ் என்றேன். நீங்கள் அவர்களிடம் சண்டை போட்டது தெரிந்தபோதுதான் அழுகை வந்தது" என்றான்.

நாம் மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக நடத்திவரும் பாடம் ஒன்று அன்றிரவு நம் முன் வந்து நின்றது. நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களின் தந்தை, அந்த ஒரு மகனுக்கு மட்டும் அன்பளிப்புத் தந்து, அதற்குச் சாட்சியாக இருக்குமாறு நபி (ஸல்) அவர்களை வேண்டினார். எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று நபியவர்கள் வினவினார்கள். இல்லை என்றதும், சாட்சியாக இருக்க மறுத்துவிட்டார்கள். பெற்றோரின் பாசம் இயல்பானதுதான். ஆனால் பாசம் சாட்சியைத் தன் பக்கம் இழுக்கும்போது அநீதியாகிவிடுகிறது. செய்தி எழுதுபவரும் ஒரு சாட்சியே. அவர் கண்ணில் பதினொருவரும் பிள்ளைகள். நம் கண்ணில் ஒருவன் மட்டுமே.

இன்னொரு நிகழ்வும் நினைவுக்கு வந்தது. நபி (ஸல்) அவர்களின் அள்பா என்னும் ஒட்டகம் எவராலும் முந்தப்படாதது. ஒரு நாட்டுப்புற அரபி தம் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்கு அது மிகுந்த வருத்தம் தந்தது. உலகில் உயரும் எதையும் அல்லாஹ் தாழ்த்தாமல் விடுவதில்லை என்ற கருத்தில் நபியவர்கள் ஆறுதல் கூறினார்கள். இதை நமக்கு அறிவிப்பவர் அனஸ் (ரலி) அவர்கள். தம் தலைவரின் ஒட்டகம் தோற்றதை அவர்கள் மறைக்கவில்லை. அத்தோல்வி ஸஹீஹுல் புகாரியில் பதிவாகி இன்றுவரை ஓதப்படுகிறது. நாமோ மாவட்டப் பக்கத்தின் எட்டு வரிக்காக ஒரு நல்ல மனிதரை நோகடித்தோம்.

அப்படியானால் செய்தியாளர் நம் மகனின் பிழையை விட்டுவிட்டதும் மறைப்பல்லவா என்று சிலர் கேட்கலாம். அவ்வாறு இல்லை. ஆட்டக் கணக்கை மாற்றியிருந்தால் அது பொய். நடுவரின் தீர்ப்பை மறைத்திருந்தால் அதுவும் குற்றம். ஒரு சிறுவனின் கால் தடுமாறியதைப் பெயர் சொல்லி ஊரறியச் செய்வதால் எவருக்கும் நன்மை இல்லை. அதை மூடி மறைப்பது மார்க்கம் போற்றும் பண்பு. அந்த நுண்ணிய வேறுபாட்டை நம்மிடம் ஓதியவர் நமக்கே கற்பித்தார்.

அதற்குப் பின் சிலவற்றை உறுதி செய்துகொண்டோம். பெயரோ கணக்கோ தவறாக அச்சாகியிருந்தால் பணிவோடு தெரிவிப்போம். அது உரிமை. முஹம்மது என்ற பெயரைப் பலவாறு எழுதும் நம் ஊரில், ஆட்டத்துக்கு முன்பே தலைப்பெழுத்தோடு கூடிய பெயர்ப் பட்டியலைச் செய்தியாளரிடம் தருவது நல்லது. தோற்ற நாளிலும் தொலைபேசியை எடுத்துக் கணக்கைச் சொல்லுமாறு மகனின் உடற்கல்வி ஆசிரியரைக் கேட்டுக்கொண்டோம். அவர் சிரித்தபடி ஒப்புக்கொண்டார். பெண்பிள்ளைகளின் படத்தைப் பொறுத்தவரை, விருப்பத்தை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். புகழைக் கேட்பதை மட்டும் விட்டுவிட வேண்டும்.

செய்தியாளரிடம் மன்னிப்புக் கேட்டோம். "உஸ்தாத், நீங்கள் என்னிடம் கேட்பதா!" என்று கையைப் பற்றிக்கொண்டார். தம்மிடம் ஓதியவரிடம் மன்னிப்புக் கேட்பது எளிதாக இருக்கவில்லை. ஆயினும் மகன் பார்த்துக்கொண்டிருந்தான் என்பதால் அதைச் செய்தது நல்லதாயிற்று.

இவ்வாண்டும் அவன் ஆடுகிறான். மாலையில் மைதானத்தின் ஓரத்தில் நின்று பார்க்கிறோம். பந்தைக் கோல்காப்பாளருக்குத் தட்டும்போது இப்போது ஓங்கித் தட்டுகிறான்.

நம் பிள்ளைகளின் மீதுள்ள பாசம் நம்மை நீதியிலிருந்து சாய்த்துவிடாமல் அல்லாஹ் காப்பானாக! ஆமீன்.