ஒரே பெட்டி, மூவர் செவி

என் குருத்துவ வாழ்வின் வெள்ளி விழாவையொட்டி, வெளிநாட்டில் பணிபுரியும் என் தமையனாரின் மகன் எனக்கு ஒரு சிறிய ஒலிபெருக்கியைப் பரிசளித்தான். செங்கல் ஒன்றை நிறுத்திவைத்தாற்போல் இருக்கும். உயரம் ஒரு சாண். கம்பி ஏதும் இல்லை. அலைபேசியில் பாடலைத் தொட்டால், அறையின் மறுகோடியில் இருக்கும் பெட்டி பாடத் தொடங்கிவிடும். அண்டை வீட்டு மேசையை அடைத்துக்கொண்டிருந்த வால்வு வானொலிப் பெட்டியின்முன் கைகட்டி அமர்ந்து பாட்டுக் கேட்ட தலைமுறையைச் சேர்ந்த எனக்கு, இது பெரும் விந்தையாகவே தோன்றியது. பங்கு இல்லத்தில் என் அறை மூலையிலுள்ள அலமாரியின்மேல் அதனை வைத்தேன்.

சனிக்கிழமை மாலைகளில் பாடகர் குழுவின் பயிற்சி முடிந்ததும் இருவர் என் அறைக்கு வருவது வழக்கம். ஒருவர், பள்ளியாசிரியராக இருந்து ஓய்வுபெற்று, நாற்பதாண்டுகளாக எங்கள் பங்கில் ஆர்மோனியம் வாசிப்பவர். ஊரார் அவரை 'மாஸ்டர்' என்றே அழைப்பர். மற்றவர், பொறியியல் கல்லூரியில் பயிலும் இருபது வயது இளைஞர், கீபோர்டு வாசிப்பவர். மாஸ்டர் அறையின் நடுவே கிடக்கும் பிரம்பு நாற்காலியில் அமர்வார். தம்பி சுவரோரத்துப் பெஞ்சில் முதுகைச் சாய்த்துக்கொள்வார். பரிசு வந்த வாரம், மிருதங்கமும் கீபோர்டும் சேர்ந்த பக்திப் பாடல் ஒன்றை ஒலிக்கவிட்டு, "எப்படி இருக்கிறது?" என்று பெருமிதத்தோடு கேட்டேன்.

"குரல் நல்லாத்தான் இருக்கு சாமி. ஆனா மிருதங்கத்துல தொப்பி எங்கே போச்சு? வலந்தலை மட்டும்தான் கேக்குது. எங்க வீட்டு மரப்பெட்டி ஸ்பீக்கர் மாதிரி வராது" என்றார் மாஸ்டர்.

தம்பி வியப்போடு நிமிர்ந்தார். "இல்ல மாஸ்டர், தொப்பிதான் கும்முனு அறையையே அடைக்குது. அதோட, 'ச', 'ஸ' வர்ற இடமெல்லாம் காதுல குத்துது ஃபாதர். புளூடூத்துல பாட்டைச் சுருக்கி அனுப்புறாங்க, அதனாலதான் இருக்கும்."

எனக்கோ தொப்பியும் கேட்டது, குத்தலும் இல்லை. எல்லாம் தெளிவாகவே இருந்தது. உண்மையில், சொற்கள் இன்னும் துலங்க வேண்டுமென்று உச்ச ஒலிகளை நானே முந்தைய நாள் கூட்டி வைத்திருந்தேன். ஒரு பெட்டி, ஒரு பாடல், ஒரே வேளை. ஆயினும் தீர்ப்புகள் மூன்று!

இவ்வாறு தொடங்கிய உரையாடல் வாரந்தோறும் நீண்டது. நான்காவது வாரம், தம்பி தம் இரு காதுகளையும் லேசாகப் பொத்திக்கொண்டு, "கொஞ்சம் குறைங்க ஃபாதர், தலை வலிக்குது" என்றார். அன்று நான் களைத்திருந்தேன் என்று சொல்வது காரணமாகாது. "நான் பாட்டுக் கேட்கத் தொடங்கியபோது நீ பிறக்கவே இல்லை. இல்லாத குறையை எல்லாம் கண்டுபிடிக்காதே" என்று கடிந்துரைத்தேன். அவர் மறுமொழி கூறாமல் எழுந்து போனார். அடுத்த வாரம் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. தேர்வு நெருங்குகிறது போலும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்நாள்களில் எங்கள் பங்கு மன்றத்தில் செவிப் பரிசோதனை முகாம் ஒன்று நடைபெற்றது. தொடங்கி வைத்தவன் என்ற முறையில், மக்களுக்கு முன்மாதிரியாக இருக்கட்டுமென்று முதலில் என் செவியையே கொடுத்தேன். மருத்துவர் முகம் மாறாமல், "அடுத்த வாரம் நகரத்துக்கு வாங்க ஃபாதர்" என்றார். அங்கே, ஒலி புகாத சிறு அறையில் என்னை அமர்த்தி, ஒவ்வோர் ஒலியாகக் கேட்கச்செய்து, ஒரு தாளில் கோடு வரைந்து தந்தார்கள். கோடு இடப்புறத்தில் சமமாகச் சென்றது. 3,000 ஹெர்ட்ஸைத் தாண்டியதும் மலைச்சரிவுபோல் கீழே இறங்கியது. 8,000 ஹெர்ட்ஸ் ஒலியை மிக உரக்க ஒலித்தபோதுதான் நான் கையை உயர்த்தியிருக்கிறேன்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். இளஞ்செவி ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற, உச்சத்திலிருந்து தொடங்கித் தேய்வு கீழிறங்கி வரும். பேச்சில் உரப்பைத் தருபவை பெரும்பாலும் உயிரொலிகள். தெளிவைத் தருபவை மெய்யொலிகள். 'ச', 'ஸ' போன்ற உரசொலிகள் உச்ச அதிர்வெண்களிலேயே மிகுதியும் வாழ்கின்றன. எனவேதான் முதியோர் பலர், "பேசுவது கேட்கிறது, என்ன சொல்கிறீர்கள் என்பது புரியவில்லை" என்று குறைப்படுகின்றனர்.

பேருந்தில் திரும்பி வருகையில் அந்தத் தாளை மடிமீது விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தேன். என் செவிக்கு எட்டாததை எட்டச்செய்ய, உச்ச ஒலிகளை நான் கூட்டினேன். கூட்டிய அளவு எனக்குத் தெளிவாயிற்று. நல்ல செவியுடைய இளைஞருக்கு அது ஊசியாயிற்று. அவர் கண்டுபிடித்த குறை இல்லாத குறை அன்று. நான் அதைக் கேட்க இயலாதவனாக இருந்தேன், அவ்வளவே.

குருமடத்தில் எங்களுக்கு மெய்யியல் கற்பித்த பேராசிரியர், பெறப்படும் எதுவும் பெறுகின்றவரின் இயல்புக்கேற்பவே பெறப்படுகிறது என்னும் கருத்தை ஒரு பருவம் முழுவதும் விளக்கினார். தேர்வில் அதைப்பற்றி நான்கு பக்கம் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். அது பிறருக்கு மட்டுமன்றி எனக்கும் பொருந்தும் என்பதை உணர எனக்கு ஒரு செவிச்சோதனைத் தாள் தேவைப்பட்டது.

மறுநாள் தம்பியின் வீட்டுக்குச் சென்றேன். அவருடைய தாயார் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் ஒன்றும் சொல்லாமல் தாளை அவரிடம் நீட்டினேன். பொறியியல் மாணவர் அல்லவா? கோட்டைப் பார்த்ததுமே விளங்கிக்கொண்டார். நெடுநேரம் தலை நிமிரவில்லை.

"நான்தான் பேசத் தெரியாம பேசிட்டேன் ஃபாதர்."

"இல்லை தம்பி. நீ கேட்டதைத்தான் சொன்னாய். கேளாமலே தீர்ப்புச் சொன்னவன் நான். என்னை மன்னித்துக்கொள்."

அடுத்த சனிக்கிழமை அவர் வந்தார். "மாஸ்டர் சொன்னதும் நான் சொன்னதும் ஏன் இப்படி எதிரும் புதிருமா இருக்குன்னு பார்த்துடலாம் ஃபாதர்" என்று அவரே முன்மொழிந்தார். தொடர்ந்து மூன்று சனிக்கிழமைகள் என் அறை ஆய்வுக்கூடம் ஆயிற்று.

முதலில், இருவரையும் இடம் மாறி அமரச்செய்தோம். சுவரோரப் பெஞ்சுக்கு வந்த மாஸ்டர், "அட, தொப்பி வந்துடுச்சே!" என்றார். நடு நாற்காலிக்குப் போன தம்பியோ, "எங்கே போச்சு?" என்று தேடினார். காரணம் பெட்டியில் இல்லை, அறையில் இருந்தது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. எனவே 57 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் 6 மீட்டர். என் அறையின் அகலமோ 3 மீட்டர். அறையின் அகலத்தைப்போல் இருமடங்கு நீளமுள்ள அலை, இரு சுவர்களுக்கிடையே மோதித் திரும்பும்போது, சுவரோரங்களில் பெருகியும் நட்டநடுவே ஏறத்தாழ ஓய்ந்தும் நிற்கும். மூலையில் வைத்த பெட்டி அதனை இன்னும் தூண்டிவிடும். ஆழ்ந்த சுரங்களுக்கு இவ்வாறு நேர்வதால், நான்கடி தொலைவில் அமர்ந்திருந்த இருவர் உண்மையிலேயே இருவேறு ஒலிகளைக் கேட்டிருக்கின்றனர். அலமாரியிலிருந்து பெட்டியை இறக்கி, சுவரைவிட்டு விலக்கி, ஒரு முக்காலியில் வைத்தபோது முழக்கம் பெரிதும் தணிந்தது.

அடுத்து, ஒலியின் அளவு. இரவில் அண்டை வீட்டாருக்கு இடையூறாகாதபடி நான் குறைத்தே வைப்பேன். மெல்லிய அளவில் நம் செவி தாழ்ந்த சுரங்களை மிகவும் குறைத்தே உணரும் என்பதை, அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஃபிளெட்சர், மன்சன் என்னும் இருவர் 1933இல் அளந்து வெளியிட்டனர். ஒரே பாடல், குறைத்து வைத்தால் மெலிந்தும், கூட்டினால் நிறைந்தும் தோன்றுவது இதனால்தான்.

மூன்றாவது, புளூடூத்தின்மீது தம்பி சாற்றிய குற்றம். குறுந்தகட்டின் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட் அளவுடையது. புளூடூத்தின் அடிப்படை முறையோ அதனை ஏறத்தாழ 328 கிலோபிட்டுக்குள் சுருக்கி அனுப்புகிறது. ஆகவே அவருடைய ஐயம் அறிவுக்குப் பொருந்தாததன்று. ஒரே பாடலைக் கம்பி வழியாகவும் கம்பியின்றியும் மாற்றி மாற்றி ஒலித்து, எது எதுவென்று அவர் பாராமலே சொல்லுமாறு வைத்தோம். பத்து முறையில் ஐந்து முறை சரியாகச் சொன்னார். "காசு சுண்டினாலும் இதே விடைதான்" என்று அவரே சிரித்தார்.

இறுதியாக, மாஸ்டரின் மரப்பெட்டி வந்து சேர்ந்தது. இரண்டு ஒலிபெருக்கிகளையும் ஒரு வேட்டிக்குப் பின்னால் மறைத்து, ஒலியின் அளவைச் சமமாக்கி, மாஸ்டரைத் தீர்ப்பளிக்கச் சொன்னோம். கண்ணுக்குத் தெரிந்தால் காது மயங்கும் என்பது வெறும் பேச்சன்று. ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் ஆகிய ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்ட சோதனையில், திரைக்குப் பின்னாலிருந்தபோது நல்ல மதிப்பைப் பெற்ற மலிவான சிறு பிளாஸ்டிக் ஒலிபெருக்கி, திரை விலகியதும் மதிப்பில் சரிந்தது. எங்கள் மாஸ்டரும் மிருதங்கத்துக்கு மரப்பெட்டியையும், பெண்குரலுக்கு மற்றதையும் தேர்ந்தார். வேட்டியை விலக்கியபோது, "இந்தச் செங்கல்லையா நான் பாராட்டினேன்?" என்று வாய்விட்டு நகைத்தார்.

அப்படியானால், ஒலியின் தரம் என்பது அவரவர் செவியைப் பொறுத்தது, ஆளுக்கோர் உண்மை என்று முடித்துவிடலாமா? முடியாது என்றே நினைக்கிறேன். எங்கள் மூவரின் கூற்றுகளையும் சலித்துப் பார்த்தபோது, சில முற்றிலும் உண்மையாக நின்றன. ஆழ்ந்த சுரத்துக்கு மிகுந்த காற்றை அசைத்தாக வேண்டும். சிறு பெட்டியின் சிறு கூம்பு அதற்கு ஓரளவே ஈடுகொடுக்கும். முக்காலிக்கு மாற்றிய பின்னும் தொப்பியில் ஒரு குறை இருக்கிறது என்ற மாஸ்டரின் சொல்லை எந்த வாதத்தாலும் அசைக்க இயலவில்லை. பிபிசி நிறுவனத்தார் 1970களில் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த புகழ்பெற்ற சிறு ஒலிபெருக்கியும் மனிதக் குரலுக்காகப் போற்றப்பட்டதேயன்றி, ஆழ்ந்த சுரத்துக்காக அன்று. வேறு சில கூற்றுகள், புளூடூத்தின்மேல் வைத்த குற்றம்போல், சோதித்ததும் உதிர்ந்தன. எஞ்சிய சில, சோதனைக்குப் பின்னும் விருப்பமாகவே நின்றன. அவற்றின்பொருட்டு ஒருவரையொருவர் கடிந்துகொள்ளத் தேவையில்லை. எது எந்த வகை என்பதை, ஒருவர் அமர்ந்த இடத்தில் மற்றவர் அமர்ந்து பார்க்கும்வரை நாங்கள் அறிந்திருக்கவில்லை.

வயதாலும் பொறுப்பாலும் என் சொல்லுக்கு இந்த ஊரில் ஓர் எடை உண்டு. நான் "இல்லை" என்று சொன்னால், இருப்பதும் பலருக்கு இல்லாமற் போகும். ஒரு பாடலின் உச்ச ஒலியைப் பற்றி அப்படிச் சொன்னதற்கே ஓர் இளைஞரை மூன்று வாரம் இழந்தேன். வீட்டுச் சிக்கலோடு வருகிறவர்களிடம், கேட்கவியலாத என் செவியை நம்பி எத்தனை முறை "அப்படி ஒன்றும் இல்லை" என்று சொல்லி அனுப்பியிருப்பேனோ? அவர்களுள் சிலர் முகத்தை இப்போது நினைவுகூர்கிறேன். சிலரைத் தேடிச் செல்லவும் தொடங்கியிருக்கிறேன்.

ஒலிபெருக்கியின் பக்கவாட்டில் தம்பி ஒரு துண்டுத் தாளை ஒட்டியிருக்கிறார். அதில் இரண்டு அளவுகள் எழுதப்பட்டுள்ளன: ஒன்றின் எதிரே 'ஃபாதர் மட்டும்', மற்றதன் எதிரே 'எல்லாரும்'. சனிக்கிழமை மாலைகளில் இரண்டாவதைத்தான் வைக்கிறேன். அந்த அளவில் பாட்டு எனக்குச் சற்று மங்கலாகவே கேட்கிறது. மங்கிய இடம் வரும்போது நிறுத்திவிட்டு, அங்கே என்ன இருக்கிறது என்று அவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.