ஊர் திரும்ப ஒரு பத்திரம்

நாட்டைக் கட்டியெழுப்பும் பணி என்றதும் பலருக்குச் செங்கல்லும் கிணறும்தான் கண்முன் வரும். என் கையில் புழங்கியதோ பெரும்பாலும் காகிதம். தமிழ்நாட்டு முகாம்களில் பிறந்த ஈழப் பிள்ளைகளுக்கு இலங்கைப் பிறப்புப் பதிவும் குடியுரிமைச் சான்றிதழும் கிடைக்க விண்ணப்பம் தயாரிக்கும் தொண்டன் நான். நானும் படகில் வந்தவன்தான்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் இராமேசுவரம் கரையில் மக்கள் வந்திறங்கியபோது, அவர்களுக்காக அவர்களே உழைக்க வேண்டும் என்று முனைந்தவர் ஈழத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் எஸ்.சி. சந்திரகாசன். 1984-இல் சென்னையில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். திரும்பிப் போகும் நாளுக்கு முகாமிலிருந்தே ஆயத்தமாக வேண்டும் என்ற எண்ணம் அன்றே எங்களுக்குள் ஊன்றிவிட்டது. பத்திர வேலை அந்த ஆயத்தத்தின் முதல் படி.

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இலங்கைச் சட்டப்படி குடியுரிமை தானாக வராது; பதிவு செய்தே பெற வேண்டும். அதற்குச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் விண்ணப்பிக்கிறோம். பிள்ளையின் இந்தியப் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் பிறப்புச் சான்றிதழ்கள், திருமணப் பதிவு எல்லாம் வேண்டும். இங்கேதான் சிக்கல். 1990-இல் மன்னார்க் கரையிலிருந்து இரவோடு இரவாகப் புறப்பட்டவர்கள் பிள்ளையைத் தூக்கினார்கள், பெட்டியைத் தூக்கவில்லை. பலருடைய கல்யாணம் முகாம் கோயிலில் தாலி கட்டியதோடு முடிந்தது, பதிவே இல்லை.

பத்திரம் இல்லாதவரிடம் நேரடியாகத் தேதி கேட்பதில் பயனில்லை. "ஆச்சி, மூத்தவர் பிறந்தது மடுத் திருவிழாவுக்கு முன்னமோ, பின்னமோ? அப்ப எந்த ஊரில இருந்தனீங்கள்? எந்த ஆஸ்பத்திரி?" என்று கேட்க வேண்டும். பதிவாளர் பிரிவும் ஏறத்தாழ ஆண்டும் பிடிபட்டால், ஊரிலுள்ள உறவினர் மூலம் கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், பேரேட்டைத் தேட வைக்கலாம். பெரியவர்கள் பேசப் பேசத் தெருவும் குளமும் பள்ளிக்கூடமும் வரும், இறந்தவர்களும் வருவார்கள். அப்போது பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்பதுதான் முறை. அந்தப் பேச்சுக்குள்தான் நமக்கு வேண்டிய ஆண்டு இருக்கும். வெளியிலிருந்து வரும் அதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதைச் செய்வது கடினம். ஊரை அறிந்தவன் கேட்டால்தான் ஊர் பதில் சொல்லும்.

பெயர்களுக்குத் தனிப் பொறுமை வேண்டும். இங்கே தகப்பன் பெயரை ஓரெழுத்தில் முன்னால் போடுவார்கள். இலங்கைப் பத்திரத்தில் முழுப்பெயர் நிற்கும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் விண்ணப்பம் திரும்பி வரும். ஆகவே எல்லாப் பத்திரங்களையும் அருகருகே வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறோம்.

மிகக் கடினமானவை, தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளி மலையகக் குடும்பங்களின் கோப்புகள். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களின் முன்னோரை நாடற்றவர்களாக்கியது. 1977 கலவரத்தில் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போனார்கள். அங்கிருந்தும் விரட்டப்பட்டுக் கடல் தாண்டினார்கள். 2003-இல் வந்த குடியுரிமைச் சட்டம் இலங்கையில் தொடர்ந்து வசித்தவர்களுக்கே பொருந்தியது. போரால் இந்தியாவுக்கு வந்தவர்களையும் சேர்க்க 2009-இல் திருத்தம் தேவைப்பட்டது. மூன்று தலைமுறையாக உழைத்தவர்களிடம் உரிமைக்குச் சான்று கேட்பது அநீதி. ஆனாலும் அந்தச் சான்றைத் தேடிக் கொடுத்தே ஆக வேண்டியிருக்கிறது.

ஏன் இவ்வளவு பாடு? குடியுரிமை இல்லாமல் ஊர் திரும்பிய பிள்ளைக்குத் தேசிய அடையாள அட்டை கிடைக்காது. சாதாரண தரப் பரீட்சை மண்டபத்தில் அந்த அட்டையைக் கேட்பார்கள். வேலைக்கும் கேட்பார்கள். தகப்பனின் காணியை உரிமை கோரவும் தான் யாருடைய பிள்ளை என்று காட்ட வேண்டும். வீடு கட்ட உதவி வந்தாலும் யார் பெயரில் கட்டுவது? செங்கல் பிறகு வரட்டும்; பெயர் முதலில் பேரேட்டில் ஏறட்டும்.

யாரையும் போ என்று நாங்கள் சொல்வதில்லை. போவதும் இருப்பதும் அவரவர் முடிவு. முப்பது ஆண்டுக்கு மேல் இங்கே வேரூன்றியவர்களிடம் அதைத் திணிக்க யாருக்கும் உரிமையில்லை. முகாமிலிருக்கும் இளம் தாய் தகப்பன்மாரிடம் நான் கேட்பது ஒன்றே. திரும்புவதைப் பற்றி ஆறுதலாக முடிவெடுங்கள். பிள்ளையின் பிறப்பை மட்டும் இப்போதே பதிந்துவிடுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் நினைவோடு இருக்கும்போதே பதிவாளர் பிரிவையும் ஆண்டையும் கேட்டு எழுதிவையுங்கள்.