ஏழு நிமிட வித்தியாசம்

தியாகராய நகர் பக்கம் ஒரு காவல் நிலையம். இரவு எட்டே முக்கால். மர பெஞ்சின் ஓரத்தில் ஓர் அம்மா முந்தானை நுனியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தபடி உட்கார்ந்திருக்கிறார். பனகல் பூங்கா அருகே ஆட்டோவை விட்டு இறங்கியபோது, சீட்டுக்குப் பின்னால் வைத்த துணிக்கடைப் பையை மறந்துவிட்டார். பையில் கணவரின் ஸ்கேன் ஃபைல். அதற்கு அடியில், அன்று காலை அடகிலிருந்து மீட்ட இரண்டு வளையல்.

"நம்பர் பாத்தீங்களாம்மா?"

"இல்ல சார். பின்னாடி 'பிரசவத்துக்கு இலவசம்'னு எழுதியிருந்துச்சு."

சென்னையில் எத்தனையோ ஆட்டோக்களின் முதுகில் இருக்கிற வாசகம் அது. ஏட்டையா அதைச் சொல்லி அவரைக் கலங்கடிக்கவில்லை. எத்தனை மணிக்கு இறங்கினார் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். ஏழுக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் என்றார் அந்த அம்மா.

இளம் கான்ஸ்டபிள் கடை கடையாக ஏறி இறங்கி, பென் டிரைவில் பதிவுகளை வாங்கி வந்திருக்கிறார். கூடவே ஒரு தாள். ஒவ்வொரு கடையிலும் மானிட்டருக்குப் பக்கத்தில் தன் செல்போனைப் பிடித்து, இரண்டு கடிகாரமும் தெரிகிற மாதிரி படம் எடுத்துக் குறித்த கணக்கு அதில் இருக்கிறது. துணிக்கடை 7 நிமிடம் முன்னே. மருந்துக்கடை 3 நிமிடம் பின்னே. டீக்கடைக்கு நேராக ஒரு கேள்விக்குறி.

கேமராக்கள் கைகோத்துக்கொண்டு ஒரு வண்டியைத் துரத்துவதாகச் சினிமாவில் காட்டுவார்கள். இங்கே ஒரு கேமராவுக்கு அடுத்த கேமரா இருப்பதே தெரியாது. ஒவ்வொன்றும் தன் வாசலை மட்டும் பார்க்கிறது. ஒன்றில் மறைந்த வண்டிதான் இன்னொன்றில் வருகிறது என்று சொல்ல ஓர் ஆள் உட்கார்ந்து கண் வலிக்கப் பார்க்க வேண்டியிருக்கிறது.

துணிக்கடைப் பதிவு ஓடுகிறது. திரையில் 7.15, கழித்தால் 7.08. அந்த அம்மா இறங்குகிறார், காசு கொடுக்கிறார், ஆட்டோ வெங்கட்நாராயணா சாலைப் பக்கம் திரும்புகிறது. பின்னால் வந்த கார் விளக்கின் வெளிச்சம் விழுந்து நம்பர் பிளேட் வெறும் வெள்ளைத் திட்டாகிவிட்டது. ஏட்டையா படத்தை நிறுத்தி வெகுநேரம் பார்த்தார். கூரையின் இடது மூலையில் நீலத் தார்ப்பாய் ஒட்டு. வலது பின்விளக்கு எரியவில்லை. இரண்டையும் தாளில் எழுதிக்கொண்டார்.

அடுத்து மருந்துக்கடை, கூட்டிப் பார்த்தால் 7.10. இரவுப் பதிவில் நிறமெல்லாம் போய்ச் சாம்பல்தான் மிச்சம். லென்சுக்கு முன்னால் சிலந்தி வலை வேறு, கேமராவின் அகச்சிவப்பு ஒளி பட்டு மின்னுகிறது. நீலம் தெரியவில்லை. ஒட்டின் கோணல் வடிவம் தெரிந்தது. எரியாத விளக்கும் தெரிந்தது.

"இவன்தான்" என்றார்.

இதே வேலையை இயந்திரத்துக்குப் பழக்கும் ஆராய்ச்சி பல வருஷங்களாக நடக்கிறது. படத்திலிருந்து உருவத்தை வெட்டியெடுத்து அதை ஒரு நீண்ட எண் வரிசையாக்குவார்கள்; பரவலாகப் புழங்கும் ஒரு முறையில் 2,048 எண்கள். இரண்டு கேமராக்களின் வரிசைகள் நெருங்கியிருந்தால் ஒரே உருவம் என்று கணிக்கும். இதற்காக அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 2014இல் 8 கேமராக்களை வைத்து, வளாகத்தில் நடந்துபோன 2,000க்கும் மேற்பட்டவர்களைப் பதிவு செய்து, பின்னர் பொதுவில் வைத்தார்கள். பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழு அனுமதித்த வரம்பை அது மீறியிருந்தது. 2019இல் தொகுப்பைத் திரும்பப் பெற்றார்கள்; அதற்குள் பல நாடுகளில் அதை இறக்கி வைத்துக்கொண்டாயிற்று. வகுப்புக்குப் போன பிள்ளைகளின் நடையும் உடையும் இப்படி ஊர் ஊராகப் போனது பெரிய அநியாயம் என்றே எனக்குப் படுகிறது.

ஏட்டையாவின் திரையிலும் ஆட்கள் போய்க்கொண்டேயிருக்கிறார்கள். பைக்கில் ஒட்டி உட்கார்ந்த ஜோடி, யாரோடோ போனில் சண்டை போடுகிற ஒருவர், அழுதுகொண்டு நடக்கிற ஒரு பெண். எவரையும் அவர் நிறுத்திப் பார்க்கவில்லை. ஓர் ஆட்டோவைத் தவிர அவருக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அடுத்து, அந்தச் சாலை போய்ச் சேரும் நந்தனம் சிக்னலின் பதிவு. அதில் ஆட்டோ வரவே இல்லை. ஏழரை வரை ஓட்டிப் பார்த்தாயிற்று.

"சந்துல பூந்துட்டான் போல, ஏட்டையா."

"அவசரப்படாதப்பா. நடுவுல எங்கயாவது நின்னுருப்பான். அந்த டீக்கடையப் போடு."

கேள்விக்குறி போட்ட கடை. பதிவுப் பெட்டிக்குள் நேரத்தைக் காக்கும் பேட்டரி செத்துப்போயிருந்தது. கரண்ட் போய் வந்ததும் பெட்டி 2000ஆம் வருஷம் ஜனவரி 1, நள்ளிரவிலிருந்து எண்ணத் தொடங்கிவிட்டது. கான்ஸ்டபிள் எடுத்த படத்தில் செல்போன் 8.15 காட்டுகிறது, பெட்டி அதிகாலை 4.00 என்கிறது. ஏட்டையா தாள் ஓரத்தில் கழித்துப் பார்த்தார். மாலை 4.15க்குக் கரண்ட் வந்திருக்கிறது. அப்படியானால் 7.10க்குப் பெட்டியில் 2.55. அங்கிருந்து ஓட்டச் சொன்னார்.

2.58இல் ஆட்டோ வந்து நின்றது. ஓட்டுநர் இறங்கி டீ வாங்குகிறார். கடையின் டியூப்லைட் நேராக நம்பர் பிளேட்டின் மேல். ஏட்டையா எண்ணை இரண்டு முறை வாய்விட்டுப் படித்தார்.

பதிவு எண்ணை வைத்து உரிமையாளரையும், அவர் மூலம் ஓட்டுநரையும் பிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. பை சீட்டுக்குப் பின்னாலேயே கிடந்திருக்கிறது, ஓட்டுநருக்குத் தெரியாது. அவரே கொண்டுவந்து கொடுத்தார். அந்த அம்மா முதலில் ஸ்கேன் ஃபைலைத்தான் பிரித்துப் பார்த்தார்.

கடைவாசல்களில் இத்தனை கேமராக்கள் எப்போதும் இருந்ததில்லை. 2016 ஜூனில் சென்னை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில் ஓர் இளம்பெண் கொல்லப்பட்டபோது அந்த நிலையத்தில் கேமரா இல்லை. பக்கத்துத் தெருவில் இருந்த கேமராவில்தான் சந்தேக நபரின் உருவம் கிடைத்தது. பின்னால் ஏ.கே.விஸ்வநாதன் சென்னைக் காவல் ஆணையராக இருந்த காலத்தில் 'மூன்றாவது கண்' திட்டம் வந்தது. அதன்படி கடைக்காரர்களும் குடியிருப்போரும் கேமரா மாட்டினார்கள். மாட்டியதோடு விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர்.

உங்கள் வாசலிலும் ஒன்று இருந்தால், இன்றைக்கே அதன் நேரத்தை உங்கள் செல்போனோடு ஒத்துப் பாருங்கள். மாறியிருந்தால் சரிசெய்யுங்கள். அப்படியே லென்சையும் ஒருமுறை துடைத்துவிடுங்கள்.